பத்தொன்பது பேரீச்சம்பழங்கள்

"உம்மாட ரெத்தத்துக்கிட்ட என்ன வாப்பா கேக்காங்க?"

கல்முனையில் அந்த ஆய்வுகூடத்தின் வாசலில் வைத்து மகள் ஸம்றா முன்பொரு நாள் கேட்டது, இன்று அதே வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஜவுபருக்கு ஞாபகம் வந்தது.

"இன்னும் எத்தின நோம்பு பிடிப்பாண்டு கேக்காங்க, மகள்" என்று அன்றைக்குச் சமாளித்திருந்தார்.

அது முழுப் பொய்யுமில்லை. பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனைவி றிப்னாவின் இரத்தத்தில் ஓர் எண்ணைப் பார்த்தார்கள். ஐந்துக்கு மேலே நின்றால், நோய் திரும்பிவிடுமோ என்ற பயம். கீழே இறங்கினால், நெடுநாள் வாழலாம் என்ற நம்பிக்கை. இறங்கும்வரை நோன்பு வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

ஒப்பரேசன் நடந்தது நோன்பு மாதத்தில். பத்தொன்பது நோன்பு தவறிப்போனது. பிறகு பிடித்துத் தீர்க்க வேண்டிய அந்தக் கடனுக்கு, நோன்புக்கு ஒன்றாகப் பேரீச்சம்பழங்களை எண்ணிப் பால்மா டின்னில் போட்டு வைத்தாள் றிப்னா. நோன்பு திறக்கும் மஃரிபு பாங்கு கேட்டால் அவள் கண் அந்த டின்னுக்குத்தான் போகும்.

"எத்தின வருசம் இருப்பன் எண்டு நான் கேக்கல்ல. பத்தொன்பது நாள் தந்தாப் போதும்" என்பாள்.

ரிப்போட்டை எடுத்துக் கொடுத்த நப்லா, ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இவர்களை அறிந்தவள்.

"ஒண்டரை மாசமாக் கிடக்கு, காக்கா. றிப்னா ராத்தா உங்கள ஏசல்லியா?"

"ஏசல்ல, தங்கச்சி."

"பாருங்க, ரெண்டு புள்ளி ஒண்டு. இனி ராத்தா ஆசை தீர நோம்பு பிடிக்கட்டும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஜவுபர்.

சந்தோசத்தில் நப்லா அவருக்கும் ஒரு பிளேன்டீ ஊற்றி வந்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவல்ல, காக்கா. அதோட, அது உங்கட ரெத்தமுமில்ல" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

மாலையில் அஸர் தொழுதபின் அவர் போன இடத்தில் வேறு யாரும் இல்லை. டெங்குக் காய்ச்சல் கொண்டுபோன றிப்னாவை அடக்கிய கபுறடியில் நின்று அந்த எண்ணை மெல்ல வாசித்துக் காட்டினார். மஃரிபு பாங்கு கேட்டதும், டின்னில் மிஞ்சியிருந்த கடைசிப் பேரீச்சம்பழத்தால் அவளுக்காகப் பிடித்த பத்தொன்பதாவது நோன்பைத் திறந்தார்.