முதல் பதினைந்து நிமிடம் இலவசம்

ஐந்து பேரைக் கழற்றிவிட்டாயிற்று. ஆறாவது ஆளுக்கு மதியம் மூன்று மணி என்று நேரம் குறித்திருந்தாள் தையல்காரி.

"இன்னிக்கு யாரு?" என்றார் கணவர், ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி. குரலில் கோபமே இல்லை.

"புதுசு. பேசினா போதும், முகத்தைக் காட்ட வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"வீடியோ போட்டா டேட்டா தீர்ந்துடுமே!"

விஷயம் வேறொன்றுமில்லை. இரண்டு மாதமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. மாத்திரையெல்லாம் வேண்டாம், ஆன்லைனில் ஒரு மனநல ஆலோசகரிடம் மனசுவிட்டுப் பேசுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டணத்தைப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. ஒரு தடவைக்கு எட்டுச் சட்டை தைக்கும் கூலி! வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பணம் போச்சு.

ஆனால் எந்தக் கம்பெனியானாலும் முதல் பதினைந்து நிமிடம் இலவசம். அது போதாதா அவளுக்கு? கம்பெனிக்கு ஒரு பதினைந்து நிமிடமாக ஐந்தை முடித்துவிட்டாள். முழு நேரமும் அவளே பேசித் தீர்த்துவிடுவாள். அந்தப் பக்கத்துக்கு 'ம்', 'சொல்லுங்க' என்பதற்கு மேல் இடம் கிடைக்காது.

"கவுன்சிலர்கிட்ட அப்படியே நம்ம தெருவிளக்கு எரியலைன்னும் சொல்லிடு."

"அது வார்டு கவுன்சிலர்ங்க. இது மனசுக்கு ஆலோசனை சொல்ற கவுன்சிலர்!"

கணவர் பொத்தானை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை உங்க அக்கா, அவங்க மகனோட வெளிநாட்டுக்கே போறாங்க. இனிமே எப்ப வருவாங்களோ. அந்தச் சேதி வந்ததுலேருந்துதானே உனக்குத் தூக்கம் போச்சு. நீ ஒரு போன் பண்ணினா தூக்கம் தன்னால வரும்."

அவரை முறைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காவோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது.

"வணக்கம். சொல்லுங்க."

"முதல்ல ஒரு சந்தேகம். ஒரு மணி நேரம்னு போட்டுட்டு அம்பது நிமிஷம்தான் குடுக்கறீங்க. மிச்சம் பத்து நிமிஷத்தை யாரு எடுத்துக்கறா?"

"நீங்க சொன்னதை நாங்க குறிப்பு எழுதிக்க வேணாமா?"

நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம் இறங்கி வந்து கதையை ஆரம்பித்தாள்.

"அக்காவோட புது வீட்டுக்குத் திரைச்சீலை தைச்சுக் குடுத்தேங்க. கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாடியும், 'என்னடி, ஜன்னலுக்கு அரை டிராயர் மாட்டிவிட்டிருக்கே'ன்னுட்டா! எல்லாரும் சிரிச்சாங்க. நான் சாப்பிடாமலே கிளம்பி வந்துட்டேன். அதோட பேச்சு நின்னுபோச்சு."

"ரொம்பக் கட்டையா இருந்துச்சா?"

"நாலு விரல். நாலே நாலு விரல்!"

"துணி யாரு வாங்கினது?"

"அக்காதான்."

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு. மறைக்காமச் சொல்லுங்க. துணி பத்தலையா?"

கடைக்காரன் அளவில் ஏமாற்றிவிட்டான் என்று ஐந்து தடவையும் கூசாமல் சொன்னவள்தான். இந்த முறை வாய் வரவில்லை.

"பத்துச்சுங்க" என்றாள். "நான்தான் ஒவ்வொரு ஜன்னலுக்கும் நாலு விரல் மிச்சம் பிடிச்சேன். எட்டு ஜன்னல். எல்லாத்தையும் ஒட்டுப்போட்டு எங்க வீட்டுக்கு ரெண்டு தலையணை உறை தைச்சுட்டேன். தினமும் அதுலதான் தலை வெச்சுப் படுக்கறேன்."

சொல்லி முடித்ததும் அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கமும் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அப்புறம் எப்படிங்க தூக்கம் வரும்?"

"அக்காகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா."

"சிரிக்கட்டுமே! ரெண்டு வருஷத்துச் சிரிப்பு பாக்கி இருக்குல்ல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"நாலு நிமிஷம்."

"அதை நீங்களே வெச்சுக்குங்க. நான் உடனே அக்காவுக்குப் போன் போடணும்." இலவசமாக வந்த ஒன்றை அவள் திருப்பிக் கொடுத்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

மனசு லேசாகிவிட்டது. வைப்பதற்கு முன் வாயாரப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

"அடுத்த தடவை முழுக் காசு குடுத்து உங்ககிட்டதாங்க வருவேன். இதுக்கு முன்னாடி அஞ்சு கம்பெனில அஞ்சு பேர்கிட்ட பேசினேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை. நீங்கதான் கெட்டிக்காரர்!"

"ஆறு கம்பெனிக்கும் இலவச அழைப்பு எடுக்கறது ஒரே ஆளுதான். அந்த அஞ்சு பேரும் நான்தாம்மா!"