பசை பூசாத தாள்

அவள் மை அரைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் ஷென், வெறுமையைப் பற்றி அளந்துகொண்டிருந்தான்.

எதிரே மாவட்ட நீதிபதி தூ. கூட இரண்டு அறிஞர்கள். சீனாவின் சூச்சோ நகரத்தில் ஷென்னின் மூங்கில் ஓவியம் தொங்காத பெரிய வீடு கிடையாது. பதினோரு வருடமாக அத்தனையையும் வரைந்தவள் அவள். கையெழுத்தும் சிவப்பு முத்திரையும் மட்டும் அவன் உபயம்.

மூங்கில் உள்ளே காலியாக இருக்கும், அதுவே அதன் பணிவு, அதுவே கனவானின் குணம் என்றான் ஷென். காலியாக இருக்கும் விஷயத்தில் அவன் அசல் மூங்கில்தான்.

மூவரும் தலையாட்டினார்கள். எதைச் சொன்னாலும் ஆடுகிற தலைகள்.

பெண்களுக்கு மூங்கில் கைவருமா என்று கேட்டார் தூ.

ஷென் சிரித்தான். பூ வரையலாம், பூச்சி வரையலாம், மூங்கிலுக்குக் கற்றறிந்த மனம் வேண்டும் என்றான். அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அரைக்கும் கை மட்டும் நிற்கவில்லை.

அந்த மனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், இப்போதே ஒன்று வரையுங்கள் என்றார் தூ.

ஷென் பதறவில்லை. இப்படி ஒரு நாள் வரும் என்று, ஒரு தண்டும் நாலு இலையும் போட அவளே அவனைப் பழக்கியிருந்தாள். பசையும் படிகாரமும் பூசிய தாளில். அதில் மை பரவாது. தயங்குகிற கையை அது காட்டிக்கொடுக்காது.

தாளில் இரண்டு வகை உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. விரிப்பவள் அவள்தானே.

இன்று அவள் எதுவும் பூசாத தாளை விரித்தாள்.

சபையில் அவன் மானம் போகட்டும். பதினோரு வருடம் போதும்.

அவன் தூரிகையைத் தாளில் வைத்தான். வைத்தவன், வழக்கம்போல் யோசித்தான்.

தாள் மையைக் குடித்தது. தண்டு வீங்கியது. இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஊறின. நனைந்த எருமை மாதிரி ஏதோ ஒன்று தாளின் நடுவே உட்கார்ந்திருந்தது.

ஷென்னின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

அவள் காத்திருந்தாள்.

தூ எழுந்தார். படத்துக்கு முன்னால் வந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

இத்தனை நாளும் உங்கள் படங்களில் கைத்திறன்தான் இருந்தது, கூலிக்கு வரைகிறவனின் வாடை அடித்தது, மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்தோம் என்றார். இன்றுதான் திறமை உதிர்ந்து மனம் வந்திருக்கிறதாம். தாவோ என்னும் பெருநெறி இதுதானாம்.

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஒருவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

அவள் சிரித்துவிடத்தான் நினைத்தாள். இந்த மூடர்களின் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் விழாதா என்றா இத்தனை வருடம் மை அரைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்?

ஆமாம். அதற்காகத்தான். அவனுக்கு அவர்கள் சொன்ன ஒவ்வொரு பாராட்டையும் தனக்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

ஷென் தன் படத்தைப் பார்த்தான். முதலில் பயத்தோடு. பிறகு சந்தேகத்தோடு. பிறகு தலையைச் சாய்த்து.

முகம் மலர்ந்தது. நடிப்பில்லை. நம்பிவிட்டான்.

அவள் பக்கம் குனிந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத கனிவோடு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

"இனிமே நீ கண்ணைக் கெடுத்துக்க வேணாம். நானே பாத்துக்கறேன்."