அப்பாவிடம் யார் சொல்வது?

"அப்பா ஹார்பர்ல என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆஸ்பெஸ்டாஸ் மூட்டை இறக்குனாவ. முகமூடியாவது ஒண்ணாவது! மூக்குல துண்டைக் கட்டிக்கிடுவாவ" என்றாள் விஜிலா.

"காலிச் சாக்கை என்ன செய்வாங்க?"

"வீட்டுக்குக் கொண்டாருவாவ. நல்ல கெட்டிச் சாக்குல்லா! உதறிட்டு, எனக்கு அதுலதான் தொட்டில் கட்டுனாவளாம். இன்னிக்கும் பெருமையாச் சொல்லுவாவ."

டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார்.

"அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசிதான்மா. நாற்பது வருஷம் கழிச்சு நுரையீரல் உறையில புற்றுநோயா வந்திருக்கு. சதைப் பரிசோதனையில உறுதியாயிடுச்சு. ரத்தத்துல இந்த நோயைக் காட்டுற புரதம் ஏறுற வேகத்தைப் பார்த்தா, நாள் அதிகம் இல்லை. வெளிய இருக்கிற அப்பாகிட்ட நானே சொல்லட்டுமா?"

"சொல்லுங்க டாக்டர்" என்றாள் விஜிலா. "ஆனா, எனக்கு இது எப்படி வந்துச்சுன்னு மட்டும் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."