மன்னிப்பு பாக்கி

"ஒரே ஒரு வார்த்தை, தம்பி! 'தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க அக்கா'ன்னு சொல்ல வாய் வலிக்குதா?"

தையல்கடை அக்கா மேஜையைத் தட்டிய தட்டில் வக்கீலின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கக்கூடக் குனியவில்லை.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, மேடம்."

மேடமாம்! இத்தனை வருஷமாக அக்கா, அக்கா என்று குழைந்த வாய். அவர் மாட்டியிருக்கும் கறுப்புக் கோட்டே அவள் தைத்துக் கொடுத்ததுதான்.

கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு வந்திருந்தது. அப்பீல் போட்டால் ஜெயித்துவிடலாம் என்றார் வக்கீல். கோர்ட் லீவு நாளெல்லாம் அப்பீலுக்கான கெடுவில் சேராது என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார். சேரும். கெடு முடிந்தது, கடை போனது. இதைக்கூட அவர் சொல்லவில்லை. குமாஸ்தா சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும்.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டு, கல்லு மாதிரி உக்காந்திருக்கியே! நீயெல்லாம் மனுஷனா?"

"சத்தம் போடறதா இருந்தா எதிர் மாடிக்குப் போங்க. அங்க ஒரு லேடி வக்கீல் இருக்காங்க. வக்கீல்ங்க மேலயே கேஸ் போடறதுதான் அவங்களுக்கு வேலை."

"போறேன்டா! உன்னைக் கோர்ட்டுல நிக்க வெக்கிறேனா இல்லையா பாரு!"

அழுதுகொண்டே தெருவைக் கடந்து, எதிர் மாடி ஏறினாள் அக்கா.

லேடி வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தப்பு தன் மேலதான்னு அவர் ஒத்துக்கிட்டாரா?"

"எங்கம்மா! வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமாம்."

"அப்பாடா! பொழச்சீங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"புதுச் சட்டப்படி வக்கீல் ஒவ்வொருத்தரும் இன்ஷூரன்ஸ் எடுத்தாகணும். அவர் தப்பால உங்களுக்கு நஷ்டம்னா கம்பெனி குடுக்கும். ஆனா, கம்பெனியைக் கேக்காம 'என் தப்பு'ன்னு அவரா உங்ககிட்ட சொல்லிட்டா, அதையே சாக்கா வெச்சுக் கையை விரிச்சிடுவாங்க. அப்புறம் அவர் சொந்தக் காசுல உங்களுக்கு வேற கடை வெச்சுத் தர முடியுமா?"

அக்காவின் கோபம் தணியவில்லை. ஆள்தான் மாறியது.

"மன்னிப்புக் கேட்டா காசு கிடையாதா? எந்த மகராசன் போட்ட கண்டிஷன்மா இது? தப்பு பண்ணவன் தலை குனியறதுக்குக்கூடக் கம்பெனிகிட்ட பர்மிஷன் வாங்கணுமா? நல்லா இருக்கு நியாயம்!"

பொருமிக்கொண்டே படி இறங்கினாள். எதிரே, தன் ஆபீஸ் வாசலில் வக்கீல் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நான்..."

"வாயை மூடுடா!"

அந்தச் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா கிட்டே போய், மடங்கிக் கிடந்த அவருடைய கோட்டுக் காலரை நீவிவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"கேஸ் முடியட்டும், தம்பி. அப்புறமா வந்து கேளு. அது உன் பாக்கி."