ஒருத்தர் போதும் சார்

"ஜெனிதாவைக் கேட்டுக்கிட்டிருந்தா இந்த ஜென்மத்துல முடியாது சார். ஃப்ளட்டர்தான் சரி" என்றான் பிரபாகர்.

மயிலாப்பூர் மாடி ஒன்றில் இயங்கும் சின்னக் கம்பெனி அது. சபா கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்கும் ஆப். ஆண்ட்ராய்டு போனுக்கு எழுதுவது ஜெனிதா, ஐபோனுக்கு பிரபாகர். ஒரே வேலையை இரண்டு பேர் செய்வானேன், ஒருமுறை எழுதினால் இரண்டிலும் ஓடுகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று முதலாளி ராமானுஜம் சொல்லியிருந்தார். அப்படி எழுத உதவும் மென்பொருள்தான் ஃப்ளட்டர்.

ஜெனிதா மசியவில்லை. "வேணாம் சார், தனித்தனியாவே இருக்கட்டும்" என்று ஒரே பிடிவாதம்.

"புதுசா கத்துக்க பயமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான் பிரபாகர்.

"ஆமா பிரபா, எனக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அதனால்தான் இன்று அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து முதலாளி அறைக்குள் நுழைந்திருந்தான். தினமும் அவளோடு டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுக்கொள்பவன். உள்ளே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கூச்சம் பார்த்தால் பதவி உயர்வு எப்படி வரும்?

இரண்டு போன்களை மேஜைமேல் வைத்தான்.

ராமானுஜம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அட, ரெண்டுலயும் ஒரே மாதிரி ஓடறதே!"

"ஒரு தடவை எழுதினதுதான் சார். பணம் கட்டற இடம் மட்டும் இன்னும் சரியா வரலை. முடிச்சிடுவேன்."

"அப்போ ரெண்டு பேர் எதுக்குப்பா?"

பிரபாகர் குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தர் போதும் சார். ஜெனிதாவுக்கு இதெல்லாம் வராது. வேற எங்கயாவது பார்த்துக்குவாங்க."

சொல்லி முடித்ததும் முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜையைப் பார்த்தான்.

ராமானுஜம் தன் போனை எடுத்து எதையோ திறந்து அவனிடம் நீட்டினார். அதே ஆப். சபா, தேதி, இருக்கை, எல்லாம் இருந்தது. அவனுக்கு வராத பணம் கட்டும் இடம்கூட ஜம்மென்று ஓடியது.

"யார் சார் பண்ணது?"

"ஜெனிதாதான். ஆடி மாசமே பண்ணிக் காமிச்சுட்டா. நீ சொல்ற அதே ஃப்ளட்டர்தான்."

பிரபாகருக்கு முகம் எரிந்தது. தெரியாதவள் என்று அவளை எத்தனை பேர் முன்னால் கிண்டல் செய்திருக்கிறான்!

"அப்புறம் ஏன் சார் வேணாம் வேணாம்னாங்க?"

"அவகிட்டயும் கேட்டேம்ப்பா. 'நீயே தனியா முடிச்சுட்டியே, இனிமே பிரபாகர் எதுக்கு?'ன்னேன். சட்டுனு முகம் மாறிடுத்து. 'இல்ல சார், இது சரியா ஓடாது'ன்னுட்டா."