மடியில் கனம்

"திருடன் பொண்டாட்டியைக் கிட்டங்கிக்குள்ள விடுறது, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறது மாதிரி முதலாளி!"

கணக்கப்பிள்ளை காசிமாயன் இதைச் சொன்னபோது பொன்னுமணி வாசல்படியில்தான் நின்றிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் அவர் சத்தமாகச் சொன்னதே.

முதலாளிக்குப் போடியில் ஏலக்காய் கிட்டங்கி. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயைத் தரம் பிரித்து ஏலத்துக்கு அனுப்புகிறவர். பொன்னுமணியின் புருஷன் போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் மூட்டையைத் திருடிவிட்டு ஜெயிலுக்குப் போனவன். திருடியவன் உள்ளே போய்விட்டான். பேரைச் சுமக்கிறவள் இவள். மலையில் எந்த எஸ்டேட்டிலும் சோலி இல்லை என்றாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளோடு ராசிங்காபுரத்தில் அண்ணன் வீட்டில் கிடக்கிறாள். அண்ணன் பொறுத்துக்கொள்வான். அண்ணன் பெண்டாட்டி பொறுக்க வேண்டுமே!

"காய் தரம் பிரிக்கத் தெரியுமா?" என்றார் முதலாளி.

"செடியில காய் எடுத்திருக்கேன் முதலாளி. தரம் பிரிச்சுப் பழக்கமில்ல. கத்துக்கிருவேன்."

"ஒரு வாரம் உக்காந்து பழகு. சனிக்கிழமை உன் முறத்தைப் பாப்பேன். நல்ல காயில ஒரு வெடிச்ச காய் கலந்து கிடந்தாலும் நீ வேற எடம் பாத்துக்கணும்."

கிட்டங்கியில் ஏற்கெனவே நாலு பெண்கள். நாலு பேரிலும் வாய் நீளம் மொக்கம்மாளுக்குத்தான்.

"அவளை எம் பக்கத்துல உக்கார வைங்க முதலாளி. கை எங்க போகுதுன்னு நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

காசிமாயனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மொக்கம்மாளும் சொன்ன சொல் தவறவில்லை.

"ஏண்டி, வெடிச்ச காயைப் போயி நல்லதுல போட்டிருக்கியே, கண்ணு எந்த ஊரு மேயப் போயிருக்கு?"

"தெரியலக்கா..."

"தெரியாதுல்ல? வெரலால நீவிப் பாரு, வெடிச்சிருந்தா தட்டுப்படும். கறுத்ததைத் தள்ளு. ம், வெரசா!"

நாள் முழுக்க வசவுதான். மூலையில் இருந்த டிரான்சிஸ்டர் கூட அவ்வப்போது ஓய்ந்தது, மொக்கம்மாள் ஓயவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் வாசலில் எல்லாரும் சேலை மடியை உதறிக் காட்ட வேண்டும். அது அந்தக் கிட்டங்கி வழக்கம். ஒரு காய் விழுந்தாலும் அத்தோடு சோலி போச்சு. பொன்னுமணியை மட்டும் மொக்கம்மாள் இரண்டு தரம் உதற வைத்தாள்.

"நல்லா உதறுடி. கணக்கப்பிள்ளை கண்ணு குளிரப் பாக்கட்டும். மடியில கனமில்லேன்னா வழியில பயமில்ல!"

பொன்னுமணி உதட்டைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை மத்தியானம் காசிமாயன் மூச்சிரைக்க முதலாளி அறைக்கு ஓடிவந்தார்.

"முதலாளி, கிட்டங்கியில களவு!"

"யாரு, பொன்னுமணியா?"

"அதான் இல்ல. மொக்கம்மா! பொன்னுமணி முறத்துலேருந்து காயை எடுத்து மடியில போட்டுக்கிறா. அவ மட்டுமா? நாலு பேருமே! கேட்டா பழி திருடன் பொண்டாட்டி மேல விழுந்துரும்ல? என்ன சூது பாருங்க!"

முதலாளி விருட்டென்று எழுந்து வந்தார்.

முறத்துக்குள் வந்து போகும் கைகளைப் பொன்னுமணியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் திருடன் பெண்டாட்டி "திருட்டு" என்று சொன்னால் ஊரில் எவன் நம்புவான்? தலையைக் குனிந்து காயை நீவிக்கொண்டே இருந்தாள்.

முதலில் அவள் முறத்தை வெள்ளைத் துணியில் கொட்டினார்கள். அத்தனையும் பச்சைப் பசேலென்று நல்ல காய். காசிமாயன் இரண்டு கையாலும் துழாவினார். வெடித்தது ஒன்றுகூட அகப்படவில்லை.

"மொக்கம்மா, மடியை உதறு" என்றார் முதலாளி.

"சாயங்காலம்தான முதலாளி உதறுவோம்..."

"இப்ப உதறு!"

மடி அவிழ்ந்தது. பொலபொலவென்று காய்கள் கொட்டின.

"பாத்தீங்களா முதலாளி!" என்று காசிமாயன் குனிந்து அள்ளினார். அள்ளிய கை அப்படியே நின்றது.

வெடித்த காய். கறுத்த காய். பூச்சி அரித்த காய். நல்ல காய் மருந்துக்குக்கூட இல்லை. பொன்னுமணி கண்ணில் படாமல் நல்லதோடு கலந்துவிட்ட கழிசல் அத்தனையும் அங்கே கிடந்தது.

பொன்னுமணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள்.

"கழிசலை எதுக்கு மடியில கட்டுன?" என்றார் முதலாளி.

"கண்ணு மங்கிப்போச்சு முதலாளி. கழிசல் கூடைன்னு நெனச்சு மடியில போட்டுட்டேன்" என்றாள் மொக்கம்மாள், கூசாமல்.

"ஜக்கம்மா, நீ?" என்றார் அடுத்தவளிடம்.

ஜக்கம்மாளும் உதறினாள். அங்கேயும் கழிசல்தான்.

"எனக்கும் கண்ணுதான் முதலாளி. மெட்ராஸ் ஐ ஒருத்திக்கு வந்தா, பக்கத்துல உள்ளவளுக்கும் வரத்தான செய்யும்?"

மற்ற இருவரும் யாரும் கேட்காமலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள்.

"கண்ணு டாக்டர்கிட்ட அனுப்புவமா முதலாளி?" என்றார் காசிமாயன். பாவம், நிஜமாகவே கேட்டார்.

முதலாளி அவரைப் பார்க்கவே இல்லை.

"பொன்னுமணி, இன்னும் ஒரு வாரம் வந்து பழகு. அடுத்த சனிக்கிழமை நீ தனியா உக்காந்து தரம் பிரிச்சுக் காட்டணும். பக்கத்துல ஒருத்தரும் இருக்கப்படாது."

அறைக்குத் திரும்பியவர் வாசலில் நின்று மொக்கம்மாள் பக்கம் விரலை நீட்டினார்.

"அதுக்குள்ள உங்க நாலு பேருக்கும் கண்ணு சரியாப் போயிரணும்!"