அம்பு விட்டுக் கூப்பிடுங்கள்

பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் திரும்பிக்கொண்டான்.

அவளுக்கு அத்தோடு பேச்சு அறுந்தது. உதட்டைப் பார்த்தால்தான் அவளுக்குச் சொல். ஆறு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோயிருந்தது.

மற்ற மூன்று பையன்களும் கீபோர்டைப் பார்த்தார்கள். அதில் பாதி புரிந்தது.

மீதியைச் செல்வின் போனில் தட்டி நீட்டினான்.

"போட்டியில எல்லாரும் பேசிப் பேசித்தான் ஆடணும். உனக்குக் கேக்காதுல்லா. தப்பா எடுத்துக்காத."

செல்வின்தான் அணித்தலைவன். ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கு இடையே கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி. திரைக்குள் கட்டைகளை அடுக்கிக் கோட்டை கட்ட வேண்டும். உள்ளே ஒரு கொடி. அதை எதிரணி தொடாமல் காக்க வேண்டும்.

அந்தக் கோட்டையில் முக்கால்வாசி அவள் கட்டியது.

படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. லேபின் கடைசி வரிசையில், தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள்.

வைக்கோல் கட்டு ஒன்று. அதன் நாலு பக்கமும் சிவப்புத் தூள். இரண்டும் சேர்ந்தால் டார்கெட், அம்பு விடும் குறிப்பலகை. முகத்தில் சிவப்பும் வெள்ளையுமாக வட்டங்கள்.

அம்பு பட்டால் அதிலிருந்து மின்சாரம் போல ஒன்று கிளம்பும். ஓரத்தில் பட்டால் ஓர் அடி ஓடிச் சாகும். நடுவில் பட்டால் பதினைந்து அடி.

கோட்டையின் நாலு சுவரிலும் ஒவ்வொன்று வைத்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் உள்ளே நடுக்கூடம் வரை, அது ஓடிவர, சிவப்புத் தூளைக் கோடாக இழுத்தாள். அதை ஒட்டிப் பதினைந்து விளக்குகள்.

மொத்தம் அறுபது.

பிறகு அணியின் குழுவில் எழுதினாள்.

"என்னைக் கூப்பிடணும்னா இதுல அம்பு விடுங்க. எந்தப் பக்கம் எரியுதோ அங்க வருவேன்."

செல்வின் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டான்.

நவாஸ் மட்டும் மேற்குச் சுவரில் ஓர் அம்பு விட்டுப் பார்த்தான். நாலு விளக்கு எரிந்து அணைந்தது. ஆட்டத்துக்குள் அவள் ஓடிவந்து அவன் முன்னால் நின்றாள்.

இன்னொன்று விட்டான். மறுபடி வந்தாள்.

மூன்றாவதற்கு வரவில்லை. "வெளையாடாத" என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றாம் ஆண்டுக்காரர்களோடு பயிற்சி ஆட்டம். அவளுக்குப் பதில் சேர்த்திருந்த இசக்கிக்கு ஊரில் கோயில் கொடைத் திருவிழா. வரவில்லை.

ஐந்து பேர் வேண்டும்.

செல்வின் கடைசி வரிசையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் தலையசைத்தான்.

அவள் கோட்டையின் நடுக்கூடத்தில் போய் நின்றாள். கையில் வில். சுற்றிலும் அணைந்த விளக்குகள்.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் வடக்கே ஏதோ நடந்தது. திரையின் விளிம்புக்கு மேலே முன்வரிசையைப் பார்த்தாள். நாலு வாய்களும் ஒரே நேரத்தில் திறந்து மூடின. நாலு கழுத்திலும் நரம்பு புடைத்திருந்தது. யார் சொல்வதை யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை.

திரையில் நாலு பேரும் வடக்கே ஓடினார்கள்.

அங்கே எதிரணியில் இருவர்தான் இருந்தார்கள். சத்தம் காட்டத்தான் அவர்கள் வந்தது.

கிழக்கே பதினான்கு விளக்கு எரிந்தது.

அந்தப் பக்கம் அவளைக் கூப்பிட அணியில் யாருமே இல்லை.

அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. வட்டம் போட்ட பலகையைக் கண்டால் கையில் வில் வைத்திருக்கிற எவனுக்கும் சும்மா தாண்டிப் போக மனம் வராது. வந்த எதிரணிக்காரர்களில் ஒருவன் குறிபார்த்துவிட்டான். நன்றாகவே பார்த்திருந்தான்.

கிழக்கு வாசலுக்கு ஓடினாள்.

மூன்று பேர். முதலாமவன் நிமிர்வதற்குள் விழுந்தான். இரண்டாமவனுக்கு இரண்டு அம்பு ஆனது. மூன்றாமவன் அவளை வெட்டினான். பாதி உயிர் போய்விட்டது. பின்னால் நகர்ந்து வாசல்படியில் ஏறி, மேலிருந்து அடித்தாள்.

அவனும் போனான்.

திரும்பி நடுக்கூடத்துக்கு வந்தபோது மேற்கே ஐந்து விளக்கு. அணைந்து, உடனே மறுபடி ஆறு.

நவாஸ்.

வடக்கிலிருந்து நழுவிய இருவர் அவனை மேற்கு மூலையில் மடக்கியிருந்தார்கள். தொண்டை கிழியக் கத்தியும் ஒருவரும் வராததால் அவன் சுவரைப் பார்த்து அம்பு விட்டிருக்கிறான்.

அவள் போனாள்.

அதற்குப் பிறகு வடக்கும் எரிந்தது. தெற்கும் எரிந்தது. ஒருமுறை செல்வினே விட்டான். ஓரத்தில் பட்டு ஒரே ஒரு விளக்கு. அதற்கும் போனாள்.

இருபது நிமிடம் முடிந்தபோது கொடி நின்ற இடத்தில் நின்றது.

மூன்றாம் ஆண்டுக்காரர்கள் எழுந்து வந்து கடைசி வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள்.

செல்வின் வந்தான். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. குனிந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவனைப் போல வாயை அகலத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாக இழுத்தான்.

கை நீட்டி நிறுத்தினாள். போனில் தட்டிக் காட்டினாள்.

"இழுக்காத. எல்லார்ட்டயும் பேசுத மாதிரி பேசு. மூஞ்சிய மட்டும் திருப்பாத."

அவன் படித்தான். காது மடல்கள் சிவந்தன. நவாஸும் மற்ற இருவரும் அவன் பின்னால் வந்து நின்றார்கள்.

அவன் நிமிர்ந்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"தப்பு எம்மேலதான். ஞாயித்துக்கெழம நீ வராம நாங்க பஸ் ஏறமாட்டோம்."

முதல் தடவையே தெளிவாகப் புரிந்துவிட்டது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கல்லூரிக்கு வந்த இரண்டு வருடத்தில் அந்த லேபில் ஒருவரும் கேட்டிராத தன் குரலில் சொன்னாள்.

"இன்னொருக்க சொல்லு."